ஒரு ஏரிக்கு பி.பி. பார்ப்பது எப்படி? – மிச்சிகன் ஏரியின் மீன் கணக்கு

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துல "லேக்"னு ஒரு வார்த்தை வரும். இன்புட் கொடுத்த பிறகு அவுட்புட் வர ஆகும் தாமதம். இந்தக் கட்டுரையில் வர்ற லேக் வேற, அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி. ஆனா கடைசியில் ரெண்டு லேக்கும் ஒண்ணாத்தான் வந்து நிற்கும், பாருங்க.

ஏரின்னதும் நம்ம ஊர் ஏரியைக் கற்பனை பண்ணிக்காதீங்க. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. இத்தனைக்கும் முழுக்க நன்னீர்தான்.

இந்த ஏரியின் பழைய ராஜா லேக் ட்ரவுட் என்கிற வேட்டை மீன். மெதுவா வளரும், நிறைய வருஷம் வாழும். மீனவர்கள் இதை நம்பித்தான் பிழைத்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே பிடித்தார்கள் என்பதும் உண்மை. ஆனா பெரிய அடி வேறொரு இடத்திலிருந்து வந்தது. அதைத் திறந்துவிட்டது நம்ம ஆளுங்கதான். அதாவது இன்ஜினியர்கள்!

நயாகரா அருவி இருக்கிறவரை கடல் பக்கத்து மீன் எதுவும் மேல் ஏரிகளுக்கு ஏற முடியாது. கப்பல் போக 1829-ல் அருவியைச் சுற்றி வெலண்ட் கால்வாயை வெட்டினார்கள். பிறகு அதை அகலப்படுத்தி ஆழப்படுத்தினார்கள். 1921-ல் ஈரி ஏரியில் கடல் லாம்ப்ரே தென்பட்டது. 1936-ல் மிச்சிகனுக்கே வந்துவிட்டது. லாம்ப்ரேவுக்குத் தாடை கிடையாது. பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும். வாய் முழுக்க வட்டமா பல். பெரிய மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரே ஒரு லாம்ப்ரே தன் வாழ்நாளில் 18 கிலோ வரை மீனைக் கொல்லும். 1950-களின் நடுவில் மிச்சிகன் ஏரியில் லேக் ட்ரவுட் கிட்டத்தட்ட துடைத்துப் போட்ட மாதிரி காணாமல் போனது.

வேட்டைக்காரன் இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம். அதே நீர்வழியாக வந்த ஏல்வைஃப் என்ற சின்ன மீன் 1949-ல் மிச்சிகனில் பதிவானது. தின்ன ஆளில்லாமல் பெருகிப் பெருகி, 1960-களில் ஏரியின் மொத்த மீன் எடையில் பெரும்பங்கு இதுதான் என்ற நிலை. கடல் மீன் என்பதால் நன்னீரின் திடீர் வெப்ப மாற்றம் இதற்கு ஒத்துவராது. 1967 கோடையில் கும்பல் கும்பலா செத்து சிகாகோ கடற்கரை மாதிரியான கரைகளில் ஒதுங்கியது. அள்ள புல்டோசர் தேவைப்பட்டது!

இதற்கு இரண்டு பக்கமும் வைத்தியம் நடந்தது. லாம்ப்ரேவைக் கொல்ல சுமார் 6,000 ரசாயனங்களைச் சோதித்துப் பார்த்து, டி.எஃப்.எம். என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1958-ல் முதல்முறை ஓடையில் விட்டார்கள். லாம்ப்ரே குஞ்சுகள் ஓடைச் சேற்றில் சில வருஷம் புதைந்து வாழும். அங்கேயே அவற்றைப் பிடிப்பதுதான் யோசனை. இன்னொரு பக்கம், மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்ட் டேனர், "இரை கொட்டிக் கிடக்கு, தின்ன ஆள் கொண்டு வருவோம்" என்ற கணக்கில் பசிபிக் பக்கத்து சால்மனைக் கொண்டு வந்தார். 1966-ல் கோஹோ, 1967-ல் சினூக். செம ஹிட். தூண்டில்காரர்கள் குவிந்தார்கள். படகு, ஹோட்டல், தூண்டில் கடைன்னு ஊர்களே எழுந்து நின்றன.

இப்போ பாடத்துக்கு வருவோம். இரை எவ்வளவு, வேட்டைக்காரன் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஏரியை வடிகட்டி எண்ண முடியாதே. அதனால் வருஷா வருஷம் ஒரே மாதிரி இடங்களில் அடிவலை இழுப்பார்கள், ஒலி அலையை விட்டுக் கூட்டத்தை அளப்பார்கள். குஞ்சுகளின் மூக்கில் ஒரு மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பியைச் செருகி, முதுகின் கடைசிச் சின்னத் துடுப்பை வெட்டி விடுவார்கள். துடுப்பு இருந்தா ஏரியிலேயே பிறந்தது, இல்லேன்னா பண்ணையில் பிறந்தது. இப்படி எண்ணிப் பார்த்தபோது சினூக்கில் பாதிக்கு மேல் இயற்கையாகப் பிறந்தவைன்னு தெரிஞ்சது. அதாவது குஞ்சு விடுவதைக் குறைத்தாலும் வேட்டைக்காரன் முழுசா குறைய மாட்டான். கையில் இருக்கும் குமிழ் பாதிதான் வேலை செய்யும்!

இன்னொரு அளவு ரொம்ப எளிமை. மீன் நீளத்தில் இரு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்காகும், கனஅளவு நீளத்தின் மும்மடிதானே. அதனால் கிராமில் எடையை, சென்டிமீட்டரில் நீளத்தின் மும்மடியால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, 80 செ.மீ. சினூக் 6.5 கிலோ இருந்தால் 1.27 வரும். அதே நீளத்தில் 5 கிலோதான் என்றால் 0.98. இரண்டாவது மீன் பட்டினி. பொதுவாக ஏரியில் இரை குறைவதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த ஒல்லி மீன்தான். இதோட சேர்த்து, சினூக்கின் மொத்த எடையை ஏல்வைஃப்பின் மொத்த எடையால் வகுத்த விகிதத்தையும் பார்க்கிறார்கள். 0.05 பக்கம் இருந்தால் நிம்மதி, 0.10-ஐத் தொட்டால் அபாயம்.

அபாயம் வெறும் பேச்சில்லை. 1988-ல் வரிக்குதிரைச் சிப்பியும், பிறகு குவாகா சிப்பியும் கப்பல்களின் எடைச்சமன் நீரில் வந்து சேர்ந்தன. நுண்பாசியை வடிகட்டித் தின்று, சத்தை அடித்தரைக்கு இழுத்துக்கொண்டன. தண்ணீர் தெளிவானது. பார்ப்பவர்களுக்குச் சந்தோஷம், மீனுக்குச் சோறு குறைவு. பக்கத்து ஹூரான் ஏரியில் 2003-04-ல் ஏல்வைஃப் சரிந்தது. சினூக்கும் சரிந்தது, அதை நம்பிய கரையோர ஊர்களும் அடிவாங்கின. மிச்சிகனுக்கும் இதே கதி வரும் என்று 2013-ல் சினூக் குஞ்சு விடுவதைப் பாதியாகக் குறைத்தார்கள். குஞ்சு பெரிய மீனாக வர மூன்று நாலு வருஷம் ஆகும் என்பதால், விளைவும் அத்தனை வருஷம் கழித்துத்தான் தெரியும். சொன்னேனே, லேக்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் ஒன்று. ஹூரானில் ஏல்வைஃப் போனதும் உள்ளூர் மீன்கள் துள்ளி எழுந்தன. ஏல்வைஃப்பின் உடம்பில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதைத் தின்ற தாய் ட்ரவுட்டின் குஞ்சுகள் பலவீனமாகிச் செத்தன. இரை மாறியதும் இயற்கையாகவே ட்ரவுட் பெருகத் தொடங்கியது. சாகினா வளைகுடாவில் வால்ஐ மீனின் குஞ்சுகளை ஏல்வைஃப் தின்றுகொண்டிருந்தது. அது போனபிறகு வால்ஐ தானே நிறையப் பிறந்ததால் 2006-ல் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். அப்போ எது ஆரோக்கியமான ஏரி? சினூக் தூண்டில்காரர் ஏல்வைஃப் வேணும்பார், லேக் ட்ரவுட் பிரியர் வேண்டாம்பார். ரெண்டு பேருமே தப்பில்லை. விகிதம் 0.05-ஆ 0.10-ஆ என்று அளக்கலாம், யாருக்காக அளக்கிறோம் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அந்த லாம்ப்ரேயும் இன்னும் போகவில்லை. ஓடைகளுக்கு மருந்து விடுவதை ஒரு வருஷம்கூட நிறுத்த முடியாது. கொரோனாவால் 2020, 2021-ல் பல ஓடைகள் விட்டுப்போயின. 2022-க்குப் பிறகான கணக்கெடுப்புகளில் லாம்ப்ரே எண்ணிக்கை திரும்ப ஏறியிருந்தது.