பாட்டி பறித்த இலை

அடுகோடியில் ஒரு சின்னச் சந்து. அங்கே ஒரு வீட்டு வாசலில் பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. அதில் நித்தியகல்யாணிச் செடி. வருடம் முழுவதும் பூக்கும். சிலர் இதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். அந்தப் பெயருக்காகவே வீட்டில் வைக்க மாட்டார்கள். பாவம், செடி என்ன செய்யும்!

அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி என்பான். வாந்தி எடுப்பான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறான் என்று அப்பா நினைத்தார். ஒரு மாதம் போனது. பையன் தள்ளாடி நடந்தான். படி ஏறத் தடுமாறினான். அதன் பிறகுதான் ஓசூர் ரோட்டில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். தலையின் பின்பக்கம், சிறுமூளையில் கட்டி இருந்தது. அது புற்றுநோய்க் கட்டி. பெயர் மெடுல்லோபிளாஸ்டோமா. பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. வேகமாக வளரக்கூடியது. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பிறகு பக்கத்தில் உள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் ஆறு வாரம் கதிர் வைத்தியம். கூடவே வாரம் ஒரு ஊசி.

"இந்த ஊசி மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது" என்றார் டாக்டர்.

பாட்டி இதைக் கேட்டாள். மறுநாள் விடியும்போதே ஒரு கை இலை பறித்தாள். அம்மியைக் கழுவினாள். பக்கத்து வீட்டு நர்சம்மா டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார்.

"என்ன பாட்டி அரைக்கப் போறீங்க?"

"பேரனுக்குத்தாம்மா. ஊசியில இருக்கிறதும் இதுதானாமே. வாசல்லயே இருக்கு."

"ஐயோ, கொடுத்துடாதீங்க பாட்டி! அந்த இலையில விஷமும் இருக்கு."

நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்தின் பெயர் வின்கிறிஸ்டின். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் கிடைப்பதே கடினம். ஊசியில் போடுவதோ அந்த ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். குழந்தையின் உடல் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்றுவார்கள். அளவு கூடினால் நரம்பு கெடும். சரியான அளவிலேயே சிலருக்குக் கைகால் விரல் மரத்துப்போகும். மலச்சிக்கல் வரும். அரைத்த சாற்றில் எவ்வளவு மருந்து, எவ்வளவு விஷம் என்று யார் அளப்பது?

இந்த மருந்து கிடைத்த கதையே விசித்திரமானது. ஜமைக்கா தீவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்ற டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமோ என்று யோசித்தார்கள். அந்த யோசனைதான் வழி காட்டியது. 1963-இல் வின்கிறிஸ்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இந்தச் செடியை மானாவாரிப் பயிராகவே வளர்க்கிறார்கள். இலையும் வேரும் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன.

"அப்போ மஞ்சள்? மஞ்சள் புற்றுநோயைக் கொல்லுமுன்னு சொல்றாங்களே" என்று கேட்டாள் பாட்டி. விடுவதாக இல்லை.

பாட்டி கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி மிகக் கொடியது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த அந்தக் கட்டியின் செல்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் தட்டு வேறு, தலை வேறு. நாம் விழுங்கும் மஞ்சளில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மூளைக்குள் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் வாட்ச்மேனைப் போல. கண்டதையும் உள்ளே விடாது. வின்கிறிஸ்டினையே அது எளிதில் விடுவதில்லை. அதனால்தான் ஊசி மட்டும் போதாது. ஆபரேஷனும் கதிரும் சேர்ந்தே வேண்டும். மஞ்சளோ வேறு செடியோ கிளையோபிளாஸ்டோமாவைக் குணமாக்கும் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

"குழம்புல மஞ்சள் போடலாமா?"

"தாராளமா போடுங்க. மாத்திரை, பொடி, கஷாயம்னு எது கொடுக்கிறதா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுங்க. சிலது ஊசி மருந்தோட சேராது."

"பேரன் பிழைப்பானாம்மா?"

நர்சம்மா உடனே பதில் சொல்லவில்லை. "இந்தக் கட்டி வந்து முழு வைத்தியமும் செய்துகொண்ட பிள்ளைகள்ல பாதிக்கு மேல பிழைக்குது, பாட்டி. ஒரு வாரம்கூட விடாம கூட்டிட்டுப் போகணும்."

பாட்டி இலைகளைச் செடியின் அடியிலேயே போட்டாள். அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். செவ்வாய்க்கிழமை ஊசி. பையனை அவளே அழைத்துப் போனாள். டாக்டரிடம் முதலில் கேட்டது, "விரல் மரத்துப்போச்சுன்னா எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"சட்டைப் பொத்தானைப் போட முடியுதான்னு தினமும் பாருங்க" என்றார் டாக்டர்.