கார் போர்ச்சில் ஒரு கூடைப்பந்து வளையம்

2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் வெள்ளியும் சனியும்தான். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு; பிள்ளைக்கோ அன்று பள்ளிக்கூடம். இப்போது இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்கிறது. ஞாயிறு மாலை பந்து போட ஆளும் நேரமும் இருந்தால் அடுத்த பேச்சு தானாக வரும்: “வாசல்ல ஒரு வளையம் மாட்டிடலாமே!”

நல்ல யோசனைதான். ஆனால் வளையத்தோடு கூடவே வரும் அபிப்பிராயங்களில் பாதி நம் வாசலுக்குரியவை அல்ல. பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் பாருங்கள். இரண்டு கார் அகலத்துக்குச் சிமெண்டுப் பாதை, இருபுறமும் புல்வெளி, பக்கத்து வீடு எங்கோ தொலைவில். ஸ்கூடாயிலும் மாசாயிலும் நம்மில் பலர் இருப்பது இருபது, இருபத்திரண்டு அடி அகல வரிசை வீட்டில். போர்ச்சில் ஒரு மைவி நிற்கும், ஆட்டோகேட் இருக்கும், இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: வளையம் பத்தடி உயரத்தில் இருந்தால்தான் அது கூடைப்பந்து.

இந்தப் பத்தடியை யாரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்களைக் கூடத்துக்குள்ளேயே விளையாட வைக்க ஒரு வழி தேடினார். கிடைத்தவை இரண்டு பீச் பழக்கூடைகள். அவற்றை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். கைப்பிடி இருந்த உயரம் பத்தடி. அதுவே உலகச் சட்டமாகிவிட்டது. மாடம் கொஞ்சம் தாழ்வாக இருந்திருந்தால் இன்றைக்கு என்.பி.ஏ. ஆட்டமும் தாழ்வான வளையத்தில்தான் நடந்துகொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கு அது 3.05 மீட்டர். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே மினி கூடைப்பந்து என்று ஒன்று இருக்கிறது. அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவே அதற்கு 2.60 மீட்டர் உயரம் வைத்திருக்கிறது. பந்தும் வேறு: பெரிய ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்து 600 கிராமைத் தொடும், சிறுவர்களின் 5ஆம் எண் பந்து அரைக் கிலோவுக்குள் இருக்கும். எட்டு வயதுப் பையன் பெரிய பந்தைப் பத்தடிக்கு வீச வேண்டுமானால் இடுப்புக்குக் கீழிருந்து இரு கையாலும் தூக்கி எறிய வேண்டியிருக்கும். பந்து எப்படியோ விழலாம், ஆனால் கை அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது பயிற்சியாளருக்குத் தலைவலி. ஆகவே உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டாண்டு வாங்குங்கள். பலவும் ஏழரை அடி வரை இறங்கும்.

தாழ்வான வளையத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கை எட்டினால் பிள்ளை தொங்கத்தான் பார்க்கும். வலையில் பல் மாட்டிக்கொண்டு முன்பல் பிடுங்கிப்போன சிறுவர்களைப் பற்றி 1990களிலேயே அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மோதிரம் வளையத்திலோ வலையிலோ சிக்கினால் விரல் தசையே உரிந்துவரும். நம் பிள்ளைகள் கையில் கோயில் கயிறு, காப்பு, கழுத்தில் செயின். விளையாடும் முன் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கயிற்றைக் கழற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

நம்பிக்கை: அடிப்பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் போதும், ஸ்டாண்டு அசையாது.

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நகர்த்தும் ஸ்டாண்டின் பிளாஸ்டிக் அடிப்பெட்டி வெறுமையாக இருக்கும்; வாங்கியவர் நிரப்ப வேண்டும். நூறு லிட்டர் கொள்ளும் பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் எடை நூறு கிலோ. அதே இடத்தில் காய்ந்த மணல் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ பிடிக்கும். பலகையும் வளையமும் கம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், வளையத்தில் தொங்கும் பிள்ளையின் எடை கம்பத்தை முன்பக்கம் இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பது பின்னால் இருக்கும் எடை மட்டும்தான்.

போர்ச் தரையையும் கணக்கில் எடுங்கள். மழைநீர் ஓட வேண்டும் என்பதற்காக அது லோங்காங் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் வாசற்படியருகே ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், உருண்டு கேட்டுக்குப் போய்விடும். வீட்டுச் சுவரை ஒட்டி, கேட்டைப் பார்க்க ஸ்டாண்டை நிறுத்தினால், கவிழக்கூடிய திசையிலேயே அது ஏற்கெனவே சாய்ந்து நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடிப்பெட்டியின் முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தில் கூடுதலாக இரண்டு மணல் மூட்டை போடுங்கள்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து திடுமென வீசும் சுமத்ராப் புயற்காற்று ஜொகூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பலகை அந்தக் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் கார் நிற்கும்போது ஸ்டாண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விளையாடி முடித்ததும் வளையத்தைக் கடைசி மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

தண்ணீரே போதும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மூடி தொலைந்த அடிப்பெட்டி ஏடிஸ் கொசுவுக்கு அருமையான தொட்டி. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975இன் கீழ், வீட்டு வளாகத்தில் ஜென்டிக் எனும் கொசுப்புழுவைக் கண்டால் சுகாதார அதிகாரிகள் கம்பவுண்ட் எழுதலாம். டிங்கி வந்தால் செலவு அதைவிடப் பெரிது.

மணல் போடுவதென்றால் காயவைத்துப் போடுங்கள். ஹார்ட்வேர் கடை மணல் பெரும்பாலும் ஈரமாகவே வரும். கழுத்து வெட்டிய பாட்டிலைப் புனலாக வைத்து ஊற்றினால் இரண்டாவது கையளவிலேயே அடைத்துக்கொள்ளும். கித்தானில் பரப்பி வெயிலில் காயவிட்டால் சரசரவென்று இறங்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு கம்பத்தைத் துருவாக்கிவிடும்.

நம்பிக்கை: போர்ச்சில் இடமில்லாவிட்டால் வீட்டு முன்சாலையில் வைத்துக்கொள்ளலாம், அது நம் வாசல்தானே.

அல்ல. தாமான் சாலை பொதுச் சாலை. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, பொது இடத்தில் தடையாகப் பொருள் வைப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் என எந்த மாநகர் மன்றமானாலும் அதை அகற்ற அதிகாரம் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பந்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளை மோட்டாரைப் பார்க்காது.

போர்ச்சுக்குள் விளையாடும்போதும் இதே கவலைதான். கேட்டருகே வளையத்தை நிறுத்திப் பிள்ளைகளை வீட்டுப் பக்கம் நிற்கவைத்தால், குறி தவறும் பந்து கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போகும். வீட்டுப் பக்கம் வைத்தால் கண்ணாடிக் கதவு ஆபத்தில் இருக்கும், ஆனால் அது கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு வலையும் கட்டிவிடலாம். கண்ணாடி போனால் மாற்றிக்கொள்ளலாம், ஆகவே வீட்டுப் பக்கம்தான் என் தேர்வு. எங்கே வைத்தாலும் விளையாடும் நேரம் முழுவதும் கேட் பூட்டியிருக்கட்டும். கேட்டுக்கு அடியில் பந்து நழுவும் இடைவெளி இருந்தால் அங்கே ஒரு கட்டை வையுங்கள்.

நம்பிக்கை: சுவரில் நாலு போல்ட்டு அடித்துவிட்டால் ஸ்டாண்டே வேண்டாம்.

நம் வரிசை வீடுகளின் எடையைச் சுமப்பவை கான்கிரீட் தூண்களும் பீம்களும். இடையில் இருப்பது செங்கல் நிரப்பு. செங்கல்லில் அடித்த போல்ட் ஆயிரம் முறை பலகையில் பந்து மோதியபின் தளர்ந்துவிடும். பீமில் துளைத்தால் கம்பியைத் தொடும் வாய்ப்பு உண்டு. பொதுச்சுவரில் மாட்டினால் ஒவ்வொரு அடியும் அண்டை வீட்டுப் படுக்கையறையில் கேட்கும். மாலை ஏழு மணிக்கு அவர்கள் மக்ரிப் தொழுகையில் இருக்கலாம், நம் வீட்டில் விளக்கேற்றும் நேரமாகவும் இருக்கலாம். அந்த அரைமணி நேரம் பந்தைத் தூக்கி வைத்துவிடுங்கள். போர்ச்சுக்குக் கூரை இருந்தால் அதன் கீழே 3.05 மீட்டர் வளையத்துக்கு இடமே இல்லை. பந்து வளைந்து மேலேறவும் உயரம் வேண்டுமே.

குழி தோண்டிக் கம்பம் நடுவது உறுதியான வழி. ஆனால் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் தண்ணீர்க் குழாய் போர்ச்சின் அடியில்தான் ஓடும், கழிவுநீர்க் குழாயும் இருக்கலாம். வழி தெரிந்தபின் கடப்பாறையைத் தொடுங்கள். பொந்தியான் பக்கம் மண்ணும் பஞ்சுபோல், கம்பம் சாய்ந்துகொண்டே போகும்.

நம்பிக்கை: கூடைப்பந்து விளையாடினால் பிள்ளை உயரமாகும்.

ஆகாது. உயரத்தைப் பெரும்பாலும் பெற்றோரின் மரபணுவும், பிறகு உணவும் உறக்கமும் தீர்மானிக்கின்றன. உயரமானவர்களை இந்த விளையாட்டு தேர்ந்தெடுக்கிறது, நாம் காரணத்தைத் தலைகீழாகப் பார்க்கிறோம். ஐந்தடி மூன்றங்குல மக்சி போக்ஸ் என்.பி.ஏ.வில் பதினான்கு சீசன் ஆடினார்.

இதோடு ஒட்டிய இன்னொரு எண்ணம், இது சீனர்களின் விளையாட்டு என்பது. மலேசியாவில் சீனப் பள்ளிகளும் சங்கங்களும்தான் இதை வளர்த்தன என்பது உண்மை. ஆனால் நெய்ஸ்மித் சார்ந்திருந்த அதே ஒய்.எம்.சி.ஏ. 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை சென்னைக்காரர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். மகனுக்காக மட்டும் வளையம் வாங்காதீர்கள்.

நம்பிக்கை: மழைத் தூறலில் விளையாடினால் என்ன, இடி தூரத்தில்தான்.

இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரம். பிற்பகல் இடிமழை இங்கே அன்றாடம். கம்பம் இரும்பு, போர்ச் திறந்த வெளி. கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் முப்பது நிமிடம் வரை பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். மழை நின்றாலும் பளபளக்கும் போர்ச் டைல்ஸ் வழுக்கும், காய்ந்த பிறகு, ரப்பர் அடிச் சப்பாத்துடன் இறங்கட்டும்.

கடைக்குப் போவதற்கு முன் காரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். சுவரிலிருந்து கேட் வரை அளந்து பாருங்கள். பலகையிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு 4.6 மீட்டர், பலகைக்குப் பின்னால் ஸ்டாண்டுக்கும் ஒரு மீட்டருக்குமேல் இடம் வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைவென்றால் ஸ்டாண்டு வாங்காதீர்கள். 5ஆம் எண் பந்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, ஞாயிறு மாலையில் பிள்ளையைத் தாமான் திடலில் உள்ள கூடைப்பந்து மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள்.