வீட்டு ஆள் மாதிரி என்றாலும் வேலை வேலைதான்

இந்த மாதப் பாடம்: கூலிக்குப் பராமரிப்பு வேலை பார்க்கும் பெண்களின் உரிமைகள்



வயல் வேலை இல்லாத மாதங்களில் நம் உறுப்பினர்கள் பலர் டவுனுக்குப் போய், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் பிள்ளை பெற்ற வீட்டில் தங்கிக் குழந்தையைக் குளிப்பாட்டி வளர்க்கிறார்கள். சிலர் சொந்தக்காரர் வீட்டிலேயே மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள்.

வேலைக்குச் சேரும் அன்று, "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் லீவு கேட்டால், "வீட்டுப் பொண்ணு லீவு கேட்பாளா?" என்று அதே வார்த்தை திரும்பி வரும். பாசம் வேறு, வேலை வேறு. பாசத்தோடு பார்த்துக்கொள்வோம். ஆனால் நேரம், கூலி, ஓய்வு மூன்றையும் முதலிலேயே பேசிக்கொள்வோம்.

போகும் முன் பேச வேண்டியவை

1. யாரைப் பார்க்க வேண்டும்? சமையல், துணி துவைப்பதும் அதில் சேருமா?
2. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? ராத்திரியில் எழுந்து பார்க்க வேண்டுமா?
3. வாரத்தில் எந்த நாள் லீவு? ஊருக்கு எப்போது போய் வரலாம்?
4. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில்? கூடுமானவரை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு அதுவே சாட்சி.
5. படுக்க எங்கே இடம்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா?
6. உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வைத்தியச் செலவு யார் பொறுப்பு?

இவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீடு என்றால் இது இன்னும் அவசியம். அங்கே சண்டை வந்தால் கூலியோடு உறவும் போய்விடும்.

ஏஜென்சி மூலம் போனால், கமிஷன் எவ்வளவு, எத்தனை மாதம் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். ஆதார் அட்டையின் நகலை மட்டும் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். ஏஜென்சியே உங்களை ஊழியராக வைத்துச் சம்பளம் கொடுத்தால், அங்கே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள்.

கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாதம் 12,000 ரூபாய் என்றால் பெரிதாகத் தெரியும். முப்பது நாளும் லீவு இல்லாமல் இருந்தால் ஒரு நாளுக்கு 400 ரூபாய். காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி ஒன்பது மணி வரை பார்த்தால் 16 மணி நேரம். அப்படியென்றால் ஒரு மணிக்கு 25 ரூபாய்தான்! நடுராத்திரி எழுந்து பார்ப்பது இதில் சேரவே இல்லை.

தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டுப் பணியாளர்களுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. இன்றைக்கு என்ன தொகை என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் நிறைவேற்றிய 189-வது உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. அதனால் கோர்ட்டில் காட்டிக் கேட்க முடியாது. ஆனாலும் உலகமே ஒத்துக்கொண்ட நியாயத்தைத்தான் நாம் கேட்கிறோம் என்ற தைரியத்தோடு பேசலாம்.

நல வாரியத்தில் பதிந்தீர்களா?

நம் மாநிலத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, கண் கண்ணாடி உதவி உண்டு. விபத்தில் இறந்தாலோ ஊனமடைந்தாலோ நிவாரணம், இயற்கை மரணத்துக்கு உதவி, ஈமச்சடங்குச் செலவு ஆகியவையும் கிடைக்கும். 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு.

ஆதார், ரேஷன் கார்டு, வயதுச் சான்று, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு இ-சேவை மையம் மூலமாகவோ, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தைக் கேட்டோ விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டால் போதாது. உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். 60 வயது முடிந்த பிறகு ஓடினால் பதிய முடியாது. அதனால் 50 தாண்டியவர்களை முதலில் அனுப்பி வையுங்கள்.

மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021-ல் வந்தது. அது வேறு, நல வாரியம் வேறு. ஒன்றில் பதிந்தால் இன்னொன்றிலும் பதிந்ததாக ஆகாது.

தப்பாக நடந்தால்

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டத்தில் வீடும் வேலையிடம்தான். அந்த வீட்டு ஆளோ, வந்து போகிறவரோ தப்பாக நடந்தால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் குழு பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். முகாந்திரம் இருந்தால் வீட்டுப் பணியாளரின் புகாரை ஏழு நாளுக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவசரத்துக்கு 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. "வெளியே தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்று பொறுத்துப் போகாதீர்கள். அசிங்கம் செய்தவனுக்குத்தான்.

சொந்தப் பிள்ளையைப் பார்ப்பவர்கள்

கடும் ஊனமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய் வேலைக்கே போக முடிவதில்லை. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தர அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள். குழுவில் அப்படி ஒரு தாய் இருந்தால், கூட ஒருவர் துணைக்குப் போங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? வாரியத்தில் பதிந்தவர் எத்தனை பேர்?
* வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவரின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் குழுவில் இருக்கிறதா?
* வாரம் ஒருமுறை அவருக்குப் போன் செய்து விசாரிப்பது யார்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அட்டை இல்லாதவர்களின் பட்டியலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒருத்தியாகப் போய் அலுவலகத்தில் காத்து நிற்பதைவிட, பத்துப் பேராகச் சேர்ந்து போனால் வேலை சீக்கிரம் முடியும்.