பூனையின் ஓயாத கத்தல்: காரணமும் பரிகாரமும்

வங்காளத்தில் குழந்தைகளைக் காப்பவளாகப் போற்றப்படும் சஷ்டி தேவிக்குப் பூனையே ஊர்தி. தான் களவாய் உண்டதற்குப் பூனையின்மேல் பழி சுமத்திய மருமகள் துன்புற்ற கதை அங்கு நோன்பு நாளில் சொல்லப்படுகிறது. ஓயாது கத்தும் பூனையையும் காரணம் அறியாமல் பழித்தல் தகாது.

குட்டி தன் தாயை அழைக்கக் கத்துகிறது. வளர்ந்த பூனைகளோ தமக்குள் ‘மியாவ்’ எனக் கத்துவது அரிது. பெரும்பாலும் மனிதரை நோக்கியே அவ்வொலியை எழுப்புகின்றன. கத்தியவுடன் மீன் கிடைக்குமாயின் கத்தலே வழக்கமாகிவிடும். ஆகவே குறித்த வேளையில் உணவிடுதலும், அமைதியாக இருக்கும்போது கொஞ்சுதலும் நன்று. அடித்தலால் அச்சமே மிகும்.

பெட்டைப் பூனை பருவத்திற்கு வருங்கால் உரக்கக் கூவித் தரையில் புரளும். இணை சேராவிடில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இந்நிலை திரும்பக்கூடும். கருத்தடை அறுவையே இதற்கு நிலையான பரிகாரம். பத்து வயதைக் கடந்த பூனை இரவில் கத்தினால் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்த அழுத்தம், செவிட்டுத்தன்மை ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முயன்று, சொட்டும் வராமல் கதறுமாயின் அதன் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். தாமதித்தால் ஓரிரு நாட்களில் உயிர் போகும். வலி தீருமென்று பாரசிட்டமால் கொடுத்தலாகாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். கொல்கத்தாவில், 1893-இல் வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய பெல்காச்சியாவில் இத்தகைய மருத்துவர்கள் இன்றும் பயிற்சி பெறுகின்றனர்.

எப்போது கத்துகிறது, உணவு உண்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்னும் மூன்று வினாக்களையே களப்பணியாளர் முதலில் கேட்டறிதல் வேண்டும்.