இரத்தத்தில் மறைந்துறையும் கல்லீரல் நோய்

மஞ்சள் காமாலை என்றவுடன் கண் மஞ்சளிப்பதே நம் நினைவுக்கு வரும். ஆனால் ஹெப்படைட்டிஸ் 'சி' என்னும் கல்லீரல் நோய் பெரும்பாலும் அவ்விதம் தன் வரவை அறிவிப்பதில்லை. நோய் கண்டவர் யாதொரு குறியுமின்றிப் பல்லாண்டுகள் வயல்வேலை பார்த்து வருவர். 20, 30 ஆண்டுகள் கழிந்து, கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த பின்னரே மருத்துவமனையை நாடுவோரும் உளர். ஆகவே இதனைச் சோதனைச்சாலையிலேதான் கண்டறிய வேண்டும்.

இக்கிருமி 1989-ஆம் ஆண்டில்தான் இனங்காணப்பட்டது. அதற்கு முன்பு, இரத்தம் ஏற்றிக்கொண்டோருக்கு வந்த இக்காமாலையை "ஏ-யும் அன்று, பி-யும் அன்று" என்றே மருத்துவர்கள் குறித்து வந்தனர். நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான சோதனை 2001-இல் கட்டாயமாக்கப்பட்டது.

முதற் சோதனை கிருமியைத் தேடுவதன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதாகும். விரல்நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம் போதும். சிறு பட்டையில் கோடு தோன்றுகிறதா என்பதை அரைமணிக்குள் அறியலாம். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். சேற்றில் பதிந்த காலடியைக் கண்டு ஒருவன் வந்ததை அறியலாம்; அவன் இன்னும் வீட்டினுள் இருக்கிறானா என்று அறிய உள்ளே சென்று பார்க்க வேண்டுமல்லவா? கிருமி தொற்றியோருள் 100-க்கு 15 முதல் 45 பேர் வரை ஆறு திங்களுக்குள் மருந்தின்றியே அதனின்று விடுபடுகின்றனர். ஆயினும் எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் நிலைத்திருக்கும். கோட்டைக் கண்ட மாத்திரத்தில் ஒருவரை நோயாளி என்று முத்திரையிட்டு, அவர் வீட்டுத் திருமணப் பேச்சையே நிறுத்திவிடுவது பெருங்கொடுமை.

கோடு தோன்றியவருக்கு, கிருமியின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் காணும் இரண்டாம் சோதனை நடத்தப்பெற வேண்டும். புதிதாகத் தொற்றியவருக்கு எதிர்ப்பொருள் தோன்ற 8 முதல் 11 வாரங்கள் செல்லும்; இரண்டாம் சோதனையோ ஓரிரு வாரங்களிலேயே கிருமியைக் காட்டிவிடும். தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து, தடித்த தாளில் சில துளி இரத்தத்தை உலர்த்தி அனுப்பியும் இச்சோதனையை நடத்தலாம்.

ஈறுகளில் ஊறும் நீரிலும் எதிர்ப்பொருளைக் காணும் முறையுண்டு. இதைக் கேட்டு, எச்சில் பட்டால் நோய் பரவும் என அஞ்ச வேண்டா. உடன் உண்பதால் இது பரவாது. இரத்தத்தின் வழியே பரவும். எகிப்து நாட்டுக் கிராமங்களில் 1980-களுக்கு முன்பு, நத்தைகளால் பரவும் வேறொரு நோயைத் தீர்க்க ஊசி மருந்து போட்டனர். சரிவரத் தூய்மை செய்யாத ஊசிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியமையால், நலம் நாடி வந்த இலட்சக்கணக்கானோருக்கு இந்நோய் தொற்றிற்று. ஒருவருக்கு இட்ட ஊசியையோ, சவரக்கத்தியின் அலகையோ பிறருக்குப் பயன்படுத்த ஒருபோதும் இடந்தரலாகாது.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோர் 12 வாரங்கள் மாத்திரை உட்கொண்டால், 100-க்கு 95 பேருக்கு மேல் முற்றும் குணமடைகின்றனர். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சோதனைகளும் மருந்தும் இலவசமாக அளிக்கப்படுகின்றன. மருந்து முடிந்து 12 வாரங்கள் சென்றபின் மறுபடியும் பார்க்க வேண்டியது இரண்டாம் சோதனையையே. பட்டையில் பார்த்தால், குணமானவருக்கும் அந்தக் கோடு தோன்றிக்கொண்டேதான் இருக்கும்.