லைன் வீடும் காமிக்ஸ் கட்டமும்

கோத்தகிரி

அன்புள்ள மலருக்கு,

அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி வந்த கதையைக் காமிக்ஸாகப் போடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய முதல் பக்கமும் வந்தது. அதில் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போடுகிறார்கள். முகஜாடை நன்றாக வந்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த 5,25,000 பேரில் அம்மாயியும் ஒருத்தி என்பதைத்தான் வரைய வேண்டும்.

'பீமாயணம்' வாங்கிப் பார். அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமையைச் சொல்லும் காமிக்ஸ் புத்தகம், 2011-ல் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதி. அதில் பேச்சுக்குமிழைக் கவனி. பரிவாகப் பேசுகிறவரின் குமிழ் பறவை வடிவில் இருக்கும். சாதித் திமிரோடு பேசினால் குமிழுக்குத் தேள்கொடுக்கு. மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். சொல்லைப் படிக்கும் முன்பே அந்தக் கொடுக்கு கொட்டிவிடுகிறது.

அம்மாயிக்கும் இரண்டு குரல் இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் "சரிங்கய்யா" என்பாள். அடுப்படிக்கு வந்ததும் அதே மேஸ்திரிக்கு அவள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. இரண்டுக்கும் ஒரே குமிழா?

வியாம் தம்பதி பக்கத்தைச் சதுரங்களாக வெட்டவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வளைந்தோடும் கோலம்தான் அங்கே பக்கத்தைப் பிரிக்கிறது. இதை மட்டும் காப்பியடிக்காதே. உனக்குக் கட்டம்தான் வேண்டும். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டை நினைத்துப் பார்: ஒரே கூரை, ஒரே அளவு அறைகள், நடுவில் ஒரு சுவர். காமிக்ஸ் பக்கமேதான்! மேல் வரிசையில் இலங்கை லயம், அங்கே லைனுக்கு அதுதான் பெயர். கீழே, தாயகம் திரும்பியோருக்காக 1968-ல் தொடங்கிய டேன்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன். கட்டத்தின் அளவு மாறவே கூடாது. நடுவில் வரும் கடலுக்கு மட்டும் கட்டம் போடாதே.

மாலிக் சஜாத் தன் 'முன்னு' காமிக்ஸில் காஷ்மீரிகளை ஹங்குல் மான்களாக வரைந்தார். அருகிவரும் மான், அங்கே பொருந்தியது. கூடலூர்ப் பிள்ளை என்பதற்காக நீ அம்மாயியை யானையாக்கிவிடாதே.

கப்பலைப் பற்றிக் கேட்டால் அம்மாயி பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலைத் தேய்ப்பாள், பார்த்திருப்பாய். கொழுந்து கிள்ளி வெடித்து ஆறிய கோடு அதில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வசனம் எழுதாதே. விரலை மட்டும் வரை, பெரிதாக.

மை பேனா அங்கே கிடைக்காவிட்டால் சொல். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போகிறேன், வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா