மொய் நோட்டும் மேற்கோள் கணக்கும்

தரமணியிலும் அடையாறிலுமாக முப்பத்தைந்து வருடம் ஆய்வகத்தில் காலம் தள்ளிவிட்டு இப்போது மந்தைவெளியில் சும்மா இருக்கிறேன். சாயங்காலம் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடந்தால் பழைய மாணவர்கள், அவர்களுடைய மாணவர்கள் என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் “என்ன வேலை பண்றே?” என்று கேட்பேன். புரதம், கிருமி, எலி என்று ஏதாவது பதில் வரும். இப்போது கேட்காமலே சொல்கிறார்கள்: “சார், என் எச்-இண்டெக்ஸ் பதினொண்ணு.” காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவைச் சொல்கிற தொனி. ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் அவர்களிடம் நடந்துகொண்டே சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். எண் போட்டது என் வசதிக்காகத்தான்.

1. உங்கள் எச்-இண்டெக்ஸை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற கலிஃபோர்னிய இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி, அதாவது மற்றக் கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கைப்படி, இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 18, 9, 6, 5, 4, 2 என்று இருக்கட்டும். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாவதுக்கு ஆறு இல்லை. ஆகவே உங்கள் எண் ஐந்து. அவ்வளவுதான் விஷயம். இனி அந்த 40ஐ அழித்துவிட்டு 4,000 என்று எழுதுங்கள். அப்போதும் ஐந்துதான். உலகத்தையே புரட்டிய ஒரு கட்டுரையும் சுமாராக ஓடிய ஒரு கட்டுரையும் இந்தக் கணக்கில் ஒன்றே. இன்னொன்று, இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஓய்வு பெற்றபின் நான் ஒரு வரி எழுதவில்லை. என் எண் மட்டும் இரண்டு ஏறியிருக்கிறது.

2. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஜர்னலின் எண், உங்கள் எண் அல்ல. ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. ஃபிலடெல்ஃபியாவில் இருந்துகொண்டு 1960களில் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கிய யூஜின் கார்ஃபீல்டுக்கு எந்த ஜர்னலைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பார்க்க அது தேவைப்பட்டது. மனிதரை எடைபோட அவர் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு ஜர்னலிலும் நாலைந்து கட்டுரைகள் மேற்கோளை அள்ளிக்கொண்டு வரும், மற்றவை அந்தச் சராசரியின் நிழலில் உட்கார்ந்திருக்கும். மயிலாப்பூரில் குடியிருப்பதாலேயே எல்லோரும் சங்கீத வித்வான் ஆகிவிடுவதில்லை.

3. முதலில் உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு ஜர்னலின் படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்கிறது. ஒரு தடவை அப்பா பெயரைப் போடுகிறோம், இன்னொரு தடவை நம் பெயரைப் போட்டு இனிஷியலைப் பின்னால் தள்ளுகிறோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியல் விரிந்து ஒரு முழுப்பெயராகிவிடுகிறது. பெண்களுக்குக் கல்யாணத்துக்குப்பின் இனிஷியலே மாறுகிறது. என்னிடம் இருந்த ஒரு மாணவியின் ஒன்பது கட்டுரைகள் தரவுத்தளங்களில் மூன்று பேராகப் பிரிந்து கிடந்தன. ஒருத்தி லட்சுமி, ஒருத்தி அவள் அப்பா, ஒருத்தி அவள் கணவர். மூன்று பேருக்கும் எச்-இண்டெக்ஸ் இரண்டுக்கு மேல் போகவில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. எஸ். சீனிவாசன் என்று ஒரு நண்பர், ஈரல் நோய் ஆய்வாளர். அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ஒருநாள் மின்மாற்றி பற்றிய கட்டுரைகளும் நெல் ரகங்கள் பற்றிய கட்டுரைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. மேற்கோள் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. நல்ல மனிதர், உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினார். நீக்காதவர்களையும் நான் நேர்முகத் தேர்வுகளில் பார்த்திருக்கிறேன்.

4. மேற்கோள் குறைந்தால் செல்வாக்கு குறைந்தது என்று முடிவுகட்டாதீர்கள். ஜி.என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்துகொண்டு 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்றிழை வடிவத்தைச் சொன்னார். அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் கங்காருவின் வால் தசைநாண். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று காட்டும் வரைபடம் அது. இன்றைக்கு உலகத்தில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று ‘ராமச்சந்திரன் ப்ளாட்’டில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த 1963 கட்டுரையைக் கடைசிப் பக்கப் பட்டியலில் சேர்ப்பவர் அவர்களில் ஒரு பங்குதான். பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் மேற்கோள் நின்றுவிடும். பெர்னூலியையும் பாஸ்டரையும் யார் பட்டியலில் போடுகிறார்கள்? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதைக் கவனித்து அதற்கு ஒரு பெயரே வைத்தார். கணக்குப் புத்தகத்தில் இது இழப்பு. கிண்டியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

5. உங்கள் வேலையின் பலனை மருத்துவமனையில் தேடுங்கள். சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்த ஏற்பாடு. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். மீதிப் பேர் நெருக்கடியான தெருக்களில் தங்கள் வீட்டிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கும் தொற்று அதிகமாக வந்துவிடவில்லை. இந்த ஒப்பீடு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. அதன்பின் பல நாடுகளில் சானடோரியங்கள் காலியாயின. நோயாளி வேலையை, பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வருடம் போய்ப் படுத்துக் கிடக்கவேண்டியதில்லை என்றானது. இதன் மேற்கோள் எத்தனை என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். மூடிய வார்டுகளை எந்தத் தரவுத்தளம் எண்ணுகிறது?

அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட் புரட்டி, மாநகராட்சி இறப்புப் பதிவோடு ஒப்பிட்டு எடுக்கும் எண்கள் அவை. அந்த எண்களை வைத்து எங்கெங்கோ கட்டுரை வருகிறது. ஷீட் புரட்டியவருக்கு எச்-இண்டெக்ஸ் கிடையாது.

6. உங்கள் வேலையில் யார் பெயர் மறந்துபோகிறது என்று பாருங்கள். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளை எடுத்துத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக் கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடிக்குப் போய், வேலூர் சி.எம்.சி.யில் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின, தொற்று இருப்பதன் அடையாளம் அது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான். சுனிதி சாலமனின் பெயர் நிலைத்தது, அதற்குத் தகுதியானவர்தான் அவர். நிர்மலா படிப்பை முடித்துக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்து அமைதியாக இருந்துவிட்டார். முப்பது வருடம் கழித்து பிபிசி தேடிவந்து எழுதியபோதுதான் நம்மில் பலருக்கே அவர் பெயர் தெரிந்தது.

7. மொய் எழுதாதீர்கள். கல்யாண வீட்டில் நீங்கள் ஐந்நூறு எழுதினால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர் ஐந்நூற்றி ஒன்று எழுதுவார். உறவுக்கு அது நல்ல பழக்கம். மேற்கோளுக்கு ஆகாது. ஒருமுறை என் கட்டுரைக்கு வந்த விமர்சகர் குறிப்பில் ஏழு கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. ஏழிலும் ஒரே பெயர். நான் ஏழையும் சேர்த்தேன். மாணவி ஆறு வாரத்தில் தீசிஸ் கொடுக்கவேண்டும், எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இன்றும் அந்தக் கட்டுரையைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் பொருத்தமான ஒன்றிரண்டை மட்டும் சேர்த்துவிட்டு, மற்றவை ஏன் வேண்டாம் என்று ஜர்னல் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சென்னைப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்களைத் தேர்வாக உட்காரவைத்துக் கட்டுரை எழுதவைத்ததையும், கல்லூரியின் கட்டுரைகளே ஒன்றையொன்று மேற்கோள் காட்டியதையும் 2023இல் சயன்ஸ் இதழ் எழுதியது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

8. யானைக்கால் ஆய்வாளரைப் புற்றுநோய் ஆய்வாளரோடு ஒப்பிடாதீர்கள். யானைக்கால் பற்றி எழுதுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர், ஆகவே மேற்கோள் காட்டவும் கொஞ்சம் பேர்தான். ஆளை ஆளோடு ஒப்பிடுவதைவிட நல்ல காரியத்துக்கும் எண்ணிக்கை உதவும். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது சுப்பையா அருணாசலம் என்ற ஆய்வாளர், குணசேகரனுடன் சேர்ந்து 2002இல் கரன்ட் சயன்ஸில் இரண்டு கட்டுரைகள் எழுதினார், ஒன்று காசநோய், ஒன்று சர்க்கரை. தனி ஆளுக்கு மார்க் போடும் கருவியை அவர் நாட்டின் பக்கம் திருப்பினார். நோயாளிகளில் நம் பங்கு இவ்வளவு பெரிதாக இருக்க, ஆய்வில் நம் பங்கு ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்டார். எண்ணிக்கையை வைத்துச் செய்யக்கூடிய மிக நல்ல வேலை அதுதான் என்பது என் கட்சி.

9. ஆடித் தள்ளுபடி மெயில்களை அழித்துவிடுங்கள். தி. நகரில் துணிக்கடை ஐம்பது சதவீதம் தள்ளுபடி தந்தால் வாங்கலாம். “மதிப்பிற்குரிய டாக்டர்” என்று ஆரம்பித்து நாலே நாளில் பிரசுரம், கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று ஜர்னல் எழுதினால் வேண்டாம்.

10. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், காகித நோட்டு. உங்கள் வேலையை யாராவது உண்மையிலேயே பயன்படுத்தினால் தேதியோடு எழுதுங்கள். முறையைக் கேட்டு மதுரையிலிருந்து வந்த மெயில், செல் வரிசையை வாங்கிப்போன ஆய்வகம், உங்கள் முடிவு தவறு என்று காட்டிய கட்டுரை எல்லாம் அதில் வரவேண்டும். தவறென்று காட்டியதைக் கட்டாயம் எழுதுங்கள். கணினி அதையும் ஒரு மேற்கோளாகக் கூட்டிவிட்டுப் போய்விடும், எதற்காக என்று சொல்லாது. 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி அடுத்த ஆண்டு வெளியிட்ட டோரா பிரகடனம், ஜர்னலின் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்கிறது. கையெழுத்திட்ட நிறுவனங்கள் நம் நாட்டிலும் உண்டு. அப்படிப்பட்ட தேர்வுக்குழு முன்னால் உட்காரும்போது அந்த நோட்டிலிருந்து மூன்று விஷயம் சொன்னால் போதும். பழைய வழக்கப்படி எண்ணை மட்டும் கேட்கிற குழு என்றால், எண்ணைச் சொல்லிவிட்டு வாருங்கள். வேலை வேண்டுமே.

மூன்றாவதாகச் சொன்ன பெயர் விஷயத்துக்கு ஒரே மருந்து ஓர்கிட் (ORCID) எனும் ஆய்வாளர் அடையாள எண். பதினாறு இலக்கம், காசு கிடையாது, பதிவு செய்ய ஐந்து நிமிடம். கல்யாணத்துக்குமுன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்றாலும் எண் ஒன்றுதான். இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.